நார்த் ரொனால்ட்சே தீவின் கல்மதில்: அது ஆடுகளுக்காகக் கட்டப்பட்டதா?

வாசகர் கேள்வி, ஆகஸ்ட் 27

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் நார்த் ரொனால்ட்சே என்றொரு சிறு தீவு இருக்கிறது. கடற்பாசியை மட்டுமே தின்று வாழும் அரிய செம்மறி இனத்தைக் காப்பாற்ற அத்தீவு மக்கள் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தீவைச் சுற்றி 20 கிலோமீட்டர் கல்மதில் எழுப்பினார்கள் என்று படித்தேன். உயிரினப் பாதுகாப்பு என்ற எண்ணமே உலகில் தோன்றியிராத காலத்தில் இது வியப்பல்லவா? நேரில் பார்த்தவர்கள் யாராவது எழுதுங்கள்.

ஆகஸ்ட் 27, இரவு

நேரில் பார்த்திருக்கிறேன். அபர்தீனில் வேலை பார்த்த காலத்தில் ஒரு கோடைக்கால விடுப்பில் அந்த மதிலைச் செப்பனிடும் தன்னார்வலர் கூட்டத்தில் சேர்ந்து இரண்டு வாரம் கல் அடுக்கினேன். நான்கு மீட்டர் நீளத்தை என் கையால் கட்டினேன் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் படித்த செய்தி தலைகீழானது. அந்த மதில் ஆடுகளைக் காப்பதற்காகக் கட்டப்பட்டதில்லை, ஆடுகளிடமிருந்து நிலத்தைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது. 1832-இல் அது எழுந்தபோது ஆடுகள் உள்ளே இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். உள்ளே பயிரும் மாடுகளும் இருக்கும், வெளியே கடற்கரைப் பாறைகளில் ஆடுகள் கிடைத்ததைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. பட்டிக்கு வேலி போட்டால் ஆடு உள்ளே இருக்கும், இங்கே தீவு முழுவதும் பட்டியாகி ஆடு வெளியே நிற்கிறது.

ஆகஸ்ட் 28

நேற்று அவசரத்தில் எழுதியதைச் சற்று விரிக்கிறேன், ஏனென்றால் "அப்படியானால் ஈவிரக்கமற்ற செயல்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தீவின் அளவை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 7 சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நீளம் ஐந்து கிலோமீட்டர் அளவில் இருக்கும். தட்டையான நிலம், மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து இருபது மீட்டரை ஒட்டித்தான் வரும். கண்ணுக்கெட்டிய வரை மரம் என்று சொல்லத்தக்கது எதுவும் தென்படாது. ஆர்க்னியின் தலைநகரான கிர்க்வாலிலிருந்து எட்டுப் பேர் அமரும் ஐலண்டர் விமானத்தில் கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். விமானி தோளைத் திருப்பினால் நம் முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருக்கமான விமானம் அது. கப்பல் வாரத்திற்கு ஓரிரு முறைதான் வரும், கடல் இசைந்தால் மட்டுமே வரும்.

இவ்வளவு சிறிய நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறைகளில் அவர்களுடைய கோடைக்காலம் கடற்பாசியை எரிப்பதில் கழிந்தது. கரை ஒதுங்கிய பாசியை உலர்த்திக் கல் குழிகளில் எரித்துக் கிடைத்த சாம்பல் கட்டி, தெற்கே கண்ணாடி செய்பவர்களுக்கும் சோப்புச் செய்பவர்களுக்கும் விற்கப்பட்டது. ஆர்க்னியில் இத்தொழில் 1722-இல் ஸ்ட்ரான்சே தீவில் தொடங்கியது. வருமானத்தின் பெரும்பகுதி நிலக்கிழாருக்குப் போயிற்று. அங்கே நிலக்கிழாரை 'லேர்ட்' என்பார்கள், இத்தீவின் லேர்டுகள் டிரெயில் குடும்பத்தினர். 1820களில் வெளிநாட்டுச் சோடாவுக்கும் உப்புக்கும் இருந்த தீர்வைகள் குறைக்கப்பட்டதும் பாசிச் சாம்பலின் விலை சரிந்தது. கடல் காசு தராதபோது நிலம் தந்தாக வேண்டும். ஆகவே துண்டு துண்டாகக் கிடந்த நிலங்கள் புதிதாக அளந்து பிரிக்கப்பட்டன, ஆடுகள் கரைக்குத் துரத்தப்பட்டன, மதில் எழுந்தது. ஆடுகள் ஓர் இனமாகத் தனித்து நின்றது இந்தப் பொருளாதாரக் கணக்கின் விளைவு. அதை அப்போது யாரும் திட்டமிடவில்லை.

ஆகஸ்ட் 28, மீண்டும்

மேலே "துரத்தப்பட்டன" என்று எழுதியதில் எனக்கே ஐயம் வந்துவிட்டது. ஆடுகள் அதற்கு முன்பு பாசியே தின்னாமல் இருந்து, மதில் எழுந்த மறுநாள் பசியால் கற்றுக்கொண்டன என்று படிப்பவர்கள் எண்ணக்கூடும். அப்படி இல்லை. அருகிலுள்ள பாப்பா வெஸ்ட்ரே தீவையொட்டிய சிறுதீவில் அகழ்ந்தெடுத்த ஏறத்தாழ 5,000 ஆண்டு பழைய செம்மறி எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்தபோது, அக்காலத்து ஆடுகளும் குளிர்காலத்தில் கடற்பாசி தின்றிருப்பது தெரியவந்தது. ஆர்க்னி ஆட்டுக்குக் கரையில் இறங்கி மேய்வது பழைய வழக்கம். வழக்கமாக இருந்ததை மதில் கட்டாயமாக்கியது, அவ்வளவுதான். எனவே "ஈவிரக்கமற்ற செயல்" என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை. "காருண்யம்" என்பதையும் ஏற்கவில்லை.

ஆகஸ்ட் 31

மதில் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். படத்தில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆள் உயரம், ஏறத்தாழ 1.8 மீட்டர், சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியது. கரையில் கிடைத்த கல்லே கட்டுமானப் பொருள். சில இடங்களில் அழகான தட்டைக் கற்கள், சில இடங்களில் அலை உருட்டி உருட்டி உருண்டையாக்கிய கற்கள். உருண்டைக் கல்லை நிற்கவைப்பது எவ்வளவு கடினம் என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன். கற்களுக்கிடையே வெளிச்சம் தெரியும்படி இடைவெளி விட்டே அடுக்குகிறார்கள். காற்று அதன் வழியே புகுந்து போய்விடும். இடைவெளி இல்லாமல் இறுக்கமாக அடுக்கினால் காற்று முழு வலுவோடு மோதித் தள்ளிவிடும்.

நான் ஓட்டை தெரியாமல் நெருக்கி அடுக்கி, நல்ல வேலை செய்துவிட்டதாக நிமிர்ந்து நின்றேன். தீவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் வந்து சற்று நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தரையில் வைக்கத் தொடங்கினார். முப்பது நிமிடத்தில் என்னுடைய ஒரு நாள் உழைப்பு மறுபடியும் கற்குவியலாயிற்று. அதன்பிறகுதான் பேசினார். ஒரு கல்லை எடுத்தால் கையைவிட்டு இறக்காதே, அதற்குரிய இடம் கிடைக்கும்வரை திருப்பித் திருப்பிப் பார், என்பதே அவர் சொன்னதன் சாரம்.

செப்டம்பர் 2

திருத்தம். ஒரு கால்நடை மருத்துவ நண்பர் சரியாகவே பிடித்துவிட்டார். "அவை புல் தின்றால் செத்துவிடும்" என்று இன்னோர் இழையில் நான் எழுதியிருந்தேன், அது மிகைப்படுத்தல்.

கடற்பாசியில் தாமிரம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த தாமிரத்தையும் விடாமல் உறிஞ்சிக்கொள்ளும் உடலமைப்பு இவ்வாடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக அமைந்துவிட்டது. தாமிரம் போதுமான அளவு உள்ள சாதாரண மேய்ச்சலையோ தீவனத்தையோ நெடுங்காலம் தின்றால் அது ஈரலில் சேர்ந்து நஞ்சாகிவிடும் ஆபத்து உண்டு. ஆனால் புல் என்றதும் சுருண்டு விழுவதில்லை. குட்டி ஈனும் பெட்டை ஆடுகளை ஏறத்தாழ மே மாதம் முதல் ஆகஸ்ட் வரை மதிலுக்குள் புல்வெளியிலேயே வைத்திருக்கிறார்கள். கிடாய்களும் விதை நீக்கப்பட்டவையும் ஆண்டு முழுவதும் வெளியே. ஆகவே முதல் கேள்வியிலிருந்த "கடற்பாசியை மட்டுமே" என்பதும் பாதி உண்மைதான்.

இதைவிட எனக்கு வியப்பளித்தது அவற்றின் பொழுது. நாம் அறிந்த ஆடு விடிந்தால் மேயும், வெயில் ஏறினால் நிழலில் அசைபோடும். இவற்றுக்குச் சூரியன் ஒரு பொருட்டே இல்லை. ஓதம் வற்றிப் பாறைகள் வெளிப்பட்டால் மேய்ச்சல், ஓதம் ஏறினால் அசைபோடுதல். நள்ளிரவில் ஓதம் வற்றினால் நள்ளிரவில் மேய்கின்றன. பருவமும் தலைகீழ்தான்: குளிர்காலப் புயல்கள் ஆழ்கடல் பாசியைப் பெயர்த்துக் கரையில் குவிப்பதால், மற்ற ஆடுகள் மெலியும் காலத்தில் இவை கொழுக்கின்றன. அதனால் இறைச்சிக்கு அறுப்பதும் குளிர்காலத்தில்தான்.

செப்டம்பர் 2, பின்குறிப்பு

இறைச்சியின் சுவையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நிறம் கருமை, கொழுப்பு குறைவு, காட்டு இறைச்சியை ஒத்த அழுத்தமான சுவை. பாசி வாடை அடிக்குமா என்றால் எனக்கு அடிக்கவில்லை. உருவமும் சிறியது, பெட்டை ஆடு 25 கிலோ அளவில்தான் இருக்கும்.

செப்டம்பர் 9

"ஆயிரக்கணக்கான ஆடுகள் ஒரே கரையில் மேய்ந்தால் எது யாருடையது?" என்ற கேள்விதான் இந்த இழையில் வந்தவற்றில் மிகச் சிறந்தது.

கரை பொது, ஆடு தனி. ஒவ்வொரு வீட்டுக்கும் காதில் வெட்டும் அடையாளம் ஒன்று உண்டு, பரம்பரையாக வருவது. ஆடுகளும் கண்டபடி தீவைச் சுற்றிவருவதில்லை. ஒவ்வொரு மந்தையும் கரையில் தனக்கென ஒரு பகுதியை வைத்துக்கொண்டு தலைமுறையாக அங்கேயே மேய்கிறது. அந்தப் பகுதியைத் தீவின் பேச்சுவழக்கில் 'கிளௌகாங்' என்கிறார்கள். தாய் காட்டிய பாறையிலேயே குட்டியும் மேயக் கற்றுக்கொள்கிறது.

மயிர் கத்தரிக்கவும் எண்ணிப் பார்க்கவும் அறுக்கவும் ஆடுகளைப் பிடிக்க வேண்டும். மதிலோடு ஒட்டிய கல் பட்டிகளுக்குப் 'பண்ட்' என்று பெயர், அவற்றுக்குள் ஆடுகளை ஓட்டிச் சேர்ப்பது 'பண்டிங்'. இது தனி ஒருவர் செய்யக்கூடிய வேலை இல்லை. ஓதம் நன்றாக ஏறியிருக்கும் நேரம் பார்த்து, ஊரே வரிசையாகக் கைகோத்தாற்போல் நின்று கரையோரமாக ஓட்டிவர வேண்டும். ஓதம் வற்றியிருந்தால் ஆடுகள் கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைத் திட்டுகளுக்கு ஓடிவிடும், அங்கிருந்து அவற்றை மீட்க யாராலும் முடியாது. நான் ஒருமுறை அந்த வரிசையில் நின்றேன். எனக்கும் அடுத்தவருக்கும் இடையே இரண்டு கை அகலம் கூடுதலாக விட்டுவிட்டேன். ஒரு பழுப்பு நிறக் கிடாய் அதைக் கண்டுபிடிக்க மூன்று நொடிகூட ஆகவில்லை. அதன் பின்னால் இன்னும் பதினோரு ஆடுகள். யாரும் திட்டவில்லை, அதுதான் கொடுமை.

இவற்றுக்கெல்லாம் எழுதப்பட்ட விதிமுறைகள் 1839 முதல் உண்டு. 'ஆட்டு நீதிமன்றம்' என்றே அந்த அமைப்புக்குப் பெயர். யார் எத்தனை ஆடு வைத்திருக்கலாம், மதிலில் எந்தப் பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றை அது வகுத்தது. ஆடு வைத்திருக்கும் உரிமையும் கல் தூக்கும் கடமையும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று அதைப் புரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 10

நீதிமன்றம் என்றதும் ஆட்டைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்களா என்று கேட்ட நண்பருக்கு: தப்பிய பழுப்புக் கிடாயை ஏற்றியிருந்தால் நான் சாட்சி சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 21

சற்று விலகிச் செல்கிறேன், ஆனால் தீவைவிட்டு வெளியே போகவில்லை.

மதிலைப் பற்றி மட்டும் பேசினால் 1832-க்கு முன் இத்தீவில் எதுவுமே இல்லாததுபோல் ஆகிவிடும். தீவைக் குறுக்கே மூன்றாக வெட்டும் இரண்டு மண்கரைகள் இருக்கின்றன, வரலாற்றுக்கு முற்பட்டவை. மூன்று சகோதரர்கள் தீவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று அவற்றுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஆக, இத்தீவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்வது லேர்டு கொண்டுவந்த பழக்கம் இல்லை. தென்முனையில் பரியன் என்ற இடத்தில் இரும்புக்காலக் கோபுர வீடு ஒன்றின் எச்சம் இருக்கிறது. 1870–71-இல் அதை அகழ்ந்தபோது ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்ட் மக்களின் சின்னங்களும் சிலுவை பொறித்த கல்லும் கிடைத்தன. வயல் நடுவே ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரமுள்ள நெடுங்கல் ஒன்று, உடலில் ஒரு துளையோடு நிற்கிறது. புத்தாண்டு நாளில் மக்கள் அதைச் சுற்றிக் கூடி ஆடிய வழக்கம் இருந்தது. சுமார் ஐம்பது பேர் நிலவொளியில் கருவி இசை எதுவும் இல்லாமல் தங்கள் பாட்டுக்கே ஆடியதைப் பார்த்ததாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதிப் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார்.

வடகிழக்கு முனையில் இரண்டு கலங்கரை விளக்கங்கள். பழையது 1789-இல் ஏற்றப்பட்டது. இருபது ஆண்டுகளில், அதாவது 1809-இல், அது அணைக்கப்பட்டு, விளக்கு இருந்த இடத்தில் ஒரு கல் உருண்டையை வைத்துவிட்டார்கள். தட்டையான தீவில், குறைவான ஒளியில், கப்பல்கள் மோதுவது நிற்கவில்லை. கடைசியில் 1854-இல் ஆலன் ஸ்டீவன்சன் வடிவமைத்த புதிய கலங்கரை விளக்கம் எழுந்தது. 42 மீட்டர் உயரம், நிலத்தின் மேல் நிற்பவற்றில் பிரித்தானியத் தீவுகளிலேயே உயரமானது. 1998-இல் அது தானியங்கியாயிற்று, காவலர்கள் போய்விட்டார்கள். இப்போது அந்த வளாகத்தில்தான் இவ்வாடுகளின் மயிரை நூலாக்கும் சிறு ஆலை இருக்கிறது.

மோதிய கப்பல்களில் ஒன்று நமக்கும் சற்றுத் தொடர்புள்ளது. 1740 நவம்பரில், வங்காளத்திலிருந்து பட்டும் பருத்தித் துணியும் ஏற்றிக்கொண்டு ஸ்வீடன் திரும்பிக்கொண்டிருந்த 'ஸ்வேசியா' இத்தீவின் தெற்கேயுள்ள பாறைத்தொடரில் உடைந்தது. நம் நாட்டு நெசவாளி நெய்த துணி, பாசி தின்னும் ஆடுகளின் கரையில் ஒதுங்கியிருக்கும் என்ற நினைப்பு எனக்கு அங்கே கல் தூக்கும்போதெல்லாம் வந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 6

நீளத்தைப் பற்றிய சண்டையை முடித்துவைக்கிறேன். 12 மைல் என்றும் 13 மைல் என்றும் இரு வகையாகவும் எழுதுகிறார்கள், கிலோமீட்டரில் 19-இலிருந்து 21 வரை. வளைந்து நெளியும் கரையோடு போகும் மதிலை எந்த வளைவோடு அளப்பது என்பதைப் பொறுத்து வரும் வேறுபாடு அது. ஒரே கட்டுமானமாகக் கருதப்பட்ட சாந்தில்லாக் கல்வேலைகளில் உலகிலேயே பெரியது இதுவாக இருக்கலாம் என்று ஸ்காட்லாந்தின் மரபுச் சின்னத் துறை கருதுகிறது. மரபுப் பட்டியலில் அது உயர்ந்த வகையில் இருக்கிறது.

பட்டியலில் இருப்பதால் அலை அடிக்காமல் இருப்பதில்லை. மதில் உயர்ஓதக் கோட்டின் ஓரத்திலேயே நிற்கிறது, ஒவ்வொரு பெரும்புயலிலும் எங்காவது சரிகிறது. 2012 டிசம்பர் புயல் மிகப் பெரிய சேதத்தை உண்டாக்கியது. சரிந்த இடத்தின் வழியாக ஆடு உள்ளே வந்தால் பயிர் போகும். உள்ளே இருக்கும் வேறு இன ஆடுகளோடு கலந்தால் இனமும் போகும்.

நான் முதல் நாள் எழுதியதை இங்கே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டியவர்களின் நோக்கம் நிலத்தைக் காப்பதுதான். ஆனால் இன்றைக்கு அந்த மதிலின் பயன் நீங்கள் கேள்வியில் எழுதியதற்கு மிக நெருங்கி வந்துவிட்டது. மாட்டைவிடவும் பயிரைவிடவும் அரிதாகிப்போனது ஆடுதான். ஒரே தீவில் இருக்கும் இனம் ஒரே விபத்தில் அழிந்துவிடலாம் என்று அஞ்சி, அரிய கால்நடை இனங்களுக்கான அறக்கட்டளை 1974-இல் லிங்கா ஹோம் என்ற ஆளில்லாத தீவை வாங்கி அங்கே இரண்டாவது மந்தை ஒன்றை விட்டது. எனவே கேள்வி கேட்டவரை "தலைகீழ்" என்று நான் அடித்துச் சொன்னதில் கால்வாசியைத் திரும்பப் பெறுகிறேன். முக்கால்வாசி அப்படியே நிற்கட்டும்.

அக்டோபர் 19

கணக்கு மிக எளியது, அதனால்தான் உறுத்துகிறது. ஐந்நூறு பேர் பகிர்ந்துகொண்ட வேலை அது. 2011 கணக்கெடுப்பில் தீவில் இருந்தவர்கள் 72 பேர், இப்போது அறுபது பேர் அளவில். அவர்களிலும் பலர் முதியவர்கள், எல்லோரும் ஆடு வைத்திருப்பவர்களும் இல்லை. பழைய முறைப்படி ஒவ்வொரு வீடும் தன் பங்கு மதிலைத் தானே எழுப்பிக்கொள்ள வேண்டும் என்றால் அது இனி நடவாது. 2016 முதல் கோடையில் ஆட்டுத் திருவிழா நடத்தி வெளியூர்க்காரர்களைக் கல் அடுக்க அழைக்கிறார்கள். 2019-இல் மதிலுக்கென்றே சம்பளத்துக்கு ஒரு காவலரைத் தேடி விளம்பரம் செய்தார்கள், அது உலகம் முழுவதும் வேடிக்கைச் செய்தியாகப் பரவியது.

வேடிக்கை இல்லை அது. ஆட்டின் காதில் அடையாளம் வைத்திருப்பவன் கல் தூக்கினான், கல் தூக்கியவன் இறைச்சி தின்றான் என்றிருந்தவரை மதில் தன்னைத்தானே காத்துக்கொண்டது. என்னைப்போன்ற ஒருவன் விடுப்பில் வந்து, தங்கி, படம் எடுத்து, கல் அடுக்கிவிட்டுப் போவதில் அந்தக் கயிறு எங்கே இருக்கிறது? என் பகுதி சரிந்தால் எனக்கு ஓர் ஆடும் குறையாது. இதை அங்கே ஒருவரிடம் சொன்னேன். "யார் அடுக்கினார்கள் என்று கல்லுக்குத் தெரியாது" என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் என்னைச் சமாதானப்படுத்தினாரா, பேச்சை முடித்தாரா என்று இன்றும் விளங்கவில்லை.

அக்டோபர் 20

நேற்றைய குறிப்பு அழுகையாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். தீவில் யாரும் அழுதுகொண்டிருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1987 முதல் இயங்கும் பறவை ஆய்வகம் இருக்கிறது, நாங்கள் தங்கியதும் அங்கேதான். இரவின் இருளுக்காக 2021-இல் தீவுக்கு ஒரு பன்னாட்டு அங்கீகாரமும் கிடைத்தது. விளக்கு வளாகத்தின் நூல் ஆலையில் பல நிற மயிரைப் பிரிப்பதை அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்: வெள்ளை, சாம்பல், பழுப்பு, கருப்பு. சாயம் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை.

நவம்பர் 14

கடைசியாக ஒரு திருத்தம். இந்த இழைக்காகப் பழைய படங்களைத் தேடி எடுத்தேன். ஒரு படத்தில் என் பகுதியின் இரு முனைகளிலும் குச்சி நட்டு, பக்கத்தில் அளவு நாடாவும் தெரிகிறது. நான்கு மீட்டர் இல்லை, இரண்டரை. அதிலும் கீழிரண்டு வரிசைகள் எனக்கு முன்பே யாரோ அடுக்கி வைத்திருந்தவை.